ஏரிக்கரை முகாமில் நான் பிடுங்கிய பிளக்

1

இந்த சுவிஸ் நாட்டில் நல்ல வீடு வைத்திருக்கிற சனம், வருடத்தில் ஒரு தடவை அந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், ஏரிக்கரைப் புல்லில் ஒரு சக்கரப் பெட்டிக்குள் படுத்து எழும்பும். குளிக்க வரிசை, பாத்திரம் கழுவ வரிசை. அதற்கும் ஒரு வருடம் முன்னதாகவே இடம் பிடித்து வைப்பார்கள். எங்கள் ஆட்கள் கூடாரத்துக்குள் கிடந்த காலங்களில் அதற்கு விடுமுறை என்று ஒருவரும் பெயர் வைக்கவில்லை. ஆகவே, எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் மதுரா அப்படி ஒரு சக்கரப் பெட்டியை, ஒரு காரவனை, ஐந்து நாளைக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறாள் என்று சொன்னபோது, நான் முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன்.

"ஹோட்டல் எண்டால் நீங்கள் ரெண்டு பேரும் அறைக்குள்ளையே இருப்பியள்," என்றாள். "இது வெளியில. ஏரி, மலை, காத்து. அம்மாவுக்குச் சமைக்கவும் வசதி இருக்கு."

மதுராவுக்கு இருபத்தேழு வயது. ஊஸ்டரில் பிறந்து வளர்ந்தவள். சூரிச்சில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், ஒரு விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று பார்க்கிற பிரிவில் வேலை. எங்களோடு தமிழில் கதைப்பாள். கோபம் வந்தால் சுவிஸ் ஜெர்மன். என் மனைவி வாசுகி ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். நான் ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் நிற்கிறேன்.

ஆனால் நான் படித்த தொழில் அது இல்லை. நான் ஒரு எலெக்ட்ரீசியன். இந்தக் குறிப்பு அதனால் வந்தது. கோபத்தோடு எழுதுகிறேன், வாசிக்கிறவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

2

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் எடுத்தேன். பிறகு மூன்று வருடம் வீடுகளுக்கு வயரிங், தோட்டங்களுக்குத் தண்ணீர் மோட்டர் என்று சைக்கிளில் திரிந்து வேலை செய்தேன். அதற்குப் பிறகு சண்டையில் ஊருக்கு மின்சாரமே நின்றுபோனது. மின்சாரம் இல்லாத ஊரில் எலெக்ட்ரீசியனுக்கு என்ன வேலை. இங்கே வந்தேன்.

முதல் வேலை சூக்கில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. வதிவிட அனுமதி கிடைத்த கையோடு, சான்றிதழை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த பெண் நல்லவிதமாகத்தான் கதைத்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது இங்கே செல்லாது. உங்கள் நாட்டில் மின்சாரம் வேறு."

"அங்கேயும் இருநூற்று முப்பது வோல்ட், இங்கேயும் இருநூற்று முப்பது வோல்ட்," என்றேன்.

அவர் சிரித்தார். வேண்டுமென்றால் பதினாறு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து முதலாம் வருடத்திலிருந்து நான்கு வருடம் பயிற்சி எடுக்கலாம் என்றார். எனக்கு அப்போது புதிதாகக் கலியாணம் நடந்திருந்தது. ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். நான்கு வருடம் பயிற்சிச் சம்பளத்தில் எப்படி இருப்பது? கோப்பை கழுவுவதற்குத் திரும்பிப் போனேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வயரில் கைவைக்கிறவனுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பது நல்ல சட்டம். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஊரில் அப்படி ஒரு சட்டம் இறுக்கமாக இருந்திருந்தால் சில பேர் இன்றைக்கு உயிரோடு இருப்பார்கள். என் கோபம் வேறு. என் கைக்கு அனுமதி இல்லை, சரி. என் கண்ணுக்கும் அனுமதி இல்லை என்று இவர்கள் முப்பது வருடமாக நினைக்கிறார்களே, அதுதான் கோபம்.

3

வியாழக்கிழமை மத்தியானம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒவ்வொரு இரண்டு இடத்துக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மின்பெட்டி நின்றது. அதில் நீல நிற மூடி போட்ட சொக்கெற்றுகள். அங்கேயிருந்து உங்கள் காரவனுக்கு நீங்களே கம்பி இழுத்துக்கொள்ள வேண்டும்.

மதுரா கம்பியை எடுத்து நேரே பெட்டியில் குத்தப் போனாள்.

"நில் பிள்ளை. முதல்ல வண்டியில. பெட்டியில கடைசியா."

"ஏன், ரெண்டும் ஒண்டுதானே?"

"பெட்டியில முதல் குத்தினால், மற்றப் பக்கம் கறண்டோட உன்ரை கையில இருக்கும். ஈரப் புல்லில நிண்டுகொண்டு அதைப் பிடிக்கக் கூடாது. கழட்டேக்கை மறுவளமா. முதல்ல பெட்டி, பிறகு வண்டி."

கம்பி ஒரு சுருளில் சுற்றியிருந்தது. எங்களுக்குத் தேவையானது ஏழு மீற்றர்தான். ஆனாலும் நான் இருபத்தைந்து மீற்றரையும் அவிழ்த்தேன். சுற்றினபடி விட்டுப் பாரமான சாமானைப் போட்டால் சுருளுக்குள் சூடு ஏறி பிளாஸ்ரிக் உருகும். பிறகு கம்பியை விரல்களுக்கு நடுவில் விட்டு, வெட்டு, வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை தடவிக்கொண்டு போனேன். பிளக்கின் உள்ளே மூன்று முனையும் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்தேன். மிச்சக் கம்பியை ஆட்கள் நடக்காத பக்கமாக வண்டிக்கடியில் தளர்வாகப் போட்டேன். பெட்டியிலுள்ள பாதுகாப்பு சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். சுவிச் டக்கென்று விழுந்தது. திரும்பத் தூக்கிவிட்டேன். இந்த சுவிச்சை இங்கே எஃப்.ஐ. என்பார்கள். ஊரில் நாங்கள் ட்ரிப் சுவிச் என்போம்.

"இஞ்சேருங்கோ," என்றாள் வாசுகி, "ரைஸ் குக்கரைப் போடலாமோ?"

"போடும். ஆனா சுடுதண்ணிக் கேத்திலை அதோட சேர்த்துப் போடாதையும். பெட்டி பத்து அம்பியர்தான் தாங்கும்."

அந்த நேரம் முகாமின் பொறுப்பாளர் வந்தார். இவர்களை பிளாட்ஸ்வார்ட் என்று கூப்பிடுவார்கள். ஐம்பது வயது இருக்கும், சிவந்த முகம், இடுப்பில் திறப்புக் கோர்வை. பதிவுத் தாளில் என் பெயரை வாசித்துப் பார்த்து, முடியாமல், "ஹெர் தாவா", அதாவது திரு தாவா, என்றார். என் பெயர் தவராசா. பிறகு குனிந்து எங்கள் கம்பியைப் பார்த்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். ரைஸ் குக்கரைத் தூக்கி அடியில் எழுதியிருந்த வாட்டை வாசித்தார்.

"இங்கே பிரச்சினைப்பட்ட அனுபவம் இருக்கிறது," என்றார். "வெளிநாட்டுக் கம்பிகள் பாதுகாப்பில்லாதவை."

கம்பி காரவனோடு வந்தது. சுவிஸ் கம்பி. மதுரா அதை அவருக்குச் சொல்லவில்லை. "ஓம், நன்றி" என்றாள். அவர் பக்கத்து வண்டியைத் திரும்பியும் பாராமல் போனார்.

4

பக்கத்து வண்டிக்காரி ஃபிராவ் மோசர், அதாவது திருமதி மோசர். எழுபத்தொரு வயது. கணவர் உயிரோடு இருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அதே இடத்தில் வந்து நிற்கிறவர். வண்டி பழையது, ஆனால் யன்னலில் பூச்செடி, வாசலில் கம்பளம், துடைத்து வைத்ததுபோல் இருக்கும். கூடவே பெல்லா என்று ஒரு மண்ணிற நாய்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் வெளியில் மேசை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஃபிராவ் மோசர் ஏரியில் நீந்திவிட்டு, துவாயும் ரப்பர் செருப்புமாக வந்தார். நாய் பின்னால் வந்தது. அவர் படியேறி உள்ளே போனார். வண்டியோடு பொருத்தின இரும்புப் படி. நாய் முன்னங்கால் இரண்டையும் அதில் வைத்தது. அடுத்த கணம் ஊளையிட்டுக்கொண்டு பின்னால் பாய்ந்து, புல்லில் நின்று நடுங்கியது.

ஃபிராவ் மோசர் எட்டிப் பார்த்தார். நாயைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"மன்னிக்க வேண்டும்," என்றார், மிகவும் மரியாதையாக. "பெல்லாவுக்குப் பழக்கமில்லை. கறுப்பாக இருக்கிறவர்களைக் கண்டால் பயப்படுகிறாள். நீங்கள் மேசையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் போட முடியுமா?"

மதுராவின் முகம் சிவந்தது. ஆனால் அவள் எழும்பி மேசையைப் பிடித்தாள்.

"விடு," என்றேன்.

"அப்பா, சும்மா ஒரு மீற்றர்தானே. லீவு நாளில சண்டை வேண்டாம்."

மேசையை அந்தப் பக்கம் நகர்த்தினோம். முப்பது வருடத்தில் இப்படி எத்தனையோ தடவை நகர்ந்தாயிற்று. பஸ்ஸில் நகர்ந்தோம், வரிசையில் நகர்ந்தோம், கட்டிடத்தின் உடுப்புத் தோய்க்கும் அறையில் எங்கள் முறையை விட்டுக்கொடுத்து நகர்ந்தோம். ஒரு நாய்க்காக நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் அதே மேசையில் அதே மூன்று பேரும் இருந்தோம். வெய்யிலில் புல் காய்ந்து கிடந்தது. பெல்லா வந்தாள், எங்களைக் கடந்து போனாள், என் காலை ஒருதரம் மணந்தாள், படியேறி உள்ளே போய்ப் படுத்தாள். ஒரு முனகல்கூட இல்லை.

சனிக்கிழமை காலை புல்லில் பனி. நாய் படியில் கால் வைத்தது, திரும்பவும் ஊளை, திரும்பவும் பாய்ச்சல்.

அப்போது எனக்கு விளங்கிவிட்டது. நாய் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. ஈரப் புல்லில் பின்னங்கால், இரும்பில் முன்னங்கால். ஃபிராவ் மோசருக்கு ரப்பர் செருப்பு, அதனால் தெரியவில்லை. வண்டியின் உடம்பு முழுக்க மின்சாரம் நிற்கிறது.

5

காரில் என் சாமான் பெட்டி இருந்தது. அதில் டெஸ்டர், நுனியில் சின்ன பல்பு உள்ள திருப்புளி. ஃபிராவ் மோசர் உள்ளே வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய படியில் நுனியை வைத்தேன். பல்பு எரிந்தது. கம்பியைப் பின்தொடர்ந்து பார்த்தேன். பழைய கறுப்புக் கம்பி, நடுவில் ரேப் சுற்றின ஒரு இணைப்பு, அது ஈரப் புல்லுக்குள் கிடந்தது. வீட்டில் செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

மதுராவைக் கூட்டிக்கொண்டு பிளாட்ஸ்வார்ட்டிடம் போனேன். வழியில் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். வயரில் மூன்று இருக்கு, பிள்ளை. ஒன்று கறண்டைக் கொண்டு வரும், ஒன்று கொண்டு போகும். மூன்றாவது பச்சை மஞ்சள், அது சும்மா நிற்கும். உள்ளே ஏதாவது பழுதாகி இரும்பில் கறண்ட் பட்டால், அதை நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போவது அதுதான். அது எங்கேயோ அறுந்திருக்கு. எர்த் இல்லை.

"எர்த் எண்டால் பூமியோ?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழிலும் அது இல்லை, ஜெர்மனிலும் இல்லை.

எனக்கும் ஜெர்மன் சொல் வரவில்லை. ஊரில் எர்த் என்றுதான் படித்தேன். அதை அப்படியே மாற்றி, பிளாட்ஸ்வார்ட்டின் முன்னால் நின்று சொன்னேன்: "டீ ஏர்டே இஸ்ட் கபுட்."

பூமி பழுதாகிவிட்டது. அதுதான் நான் சொன்னதன் அர்த்தம்.

அவர் கோப்பிக் கோப்பையோடு என்னைப் பார்த்தார். "ஆமாம்," என்றார், "காலநிலை மாற்றம்." அருகில் நின்ற இருவர் சிரித்தார்கள்.

மதுரா குறுக்கே வந்து கதைத்தாள். நான் ஜெர்மனில் திக்குவேன், ஆனால் கேட்டால் விளங்கும். அவள் சொன்னது இதுதான்: "காலையிலேயே தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். என் அப்பா கொஞ்சம் கவலைப்படுகிறார். பக்கத்து வண்டியின் கம்பியை, உங்களுக்கு வசதிப்படும்போது, யாராவது பார்க்க முடியுமா?"

கவலைப்படுகிறாராம். வசதிப்படும்போதாம். நான் கொடுத்த சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. பிளாட்ஸ்வார்ட்டின் சிரிப்பைவிட அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

அவர் மறுக்கவில்லை, வந்தார். மின்பெட்டியைத் திறந்து சோதனைப் பொத்தானை அழுத்தினார். சுவிச் விழுந்தது. தூக்கிவிட்டார்.

"பாருங்கள், வேலை செய்கிறது. எல்லாம் ஒழுங்கு."

"அது சுவிச்சைத்தான் சோதிக்கிறது," என்றேன். "இவருடைய கம்பியில் மூன்றாவது வயர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது." டெஸ்டரைப் படியில் வைத்துக் காட்டினேன்.

"அது ஒரு விளையாட்டுச் சாமான். அப்படி யாராவது தொட்டாலும் சுவிச் விழும்தானே."

"விழும். ஆனால் விழுவதற்கு முன்னம் மின்சாரம் தொட்ட ஆளுக்குள்ளால் போக வேண்டும். வயது போனவர், ஈர உடம்பு. சுவிச்சும் பழசு. ஒரு நாளைக்கு விழாமல் நின்றால்?"

"ஹெர் தாவா, திங்கட்கிழமை எங்கள் மின்பணியாளர் வருவார். ஃபிராவ் மோசர் இருபது வருடமாக இங்கே வருகிறார். ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை."

ஃபிராவ் மோசர் வாசலுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருடைய முகம் இறுகியது. "அந்தக் கம்பி என் கணவர் செய்தது. அவர் மிகக் கவனமான மனிதர்," என்றார். துவாயை எடுத்துக்கொண்டு நீந்தப் போய்விட்டார். பிளாட்ஸ்வார்ட்டும் போனார்.

"அப்பா, நீங்கள் சொல்லிப்போட்டியள்," என்றாள் மதுரா. "உங்கடை கடமை முடிஞ்சுது. வாங்கோ, சாப்பிடுவம்."

6

நான் சாப்பிடப் போகவில்லை. ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை மணித்தியாலத்தில் ஃபிராவ் மோசர் திரும்பி வந்தார். தலைமயிரிலிருந்து தண்ணீர் ஓடியது. ரப்பர் செருப்பு காலில் இல்லை. வார் அறுந்து கையில் தொங்கியது. வெறுங்காலோடு ஈரப் புல்லில் நடந்து, மற்றக் கையைக் கதவுப் பிடிக்கு நீட்டிக்கொண்டு வந்தார்.

"தொட வேண்டாம்" என்று தமிழிலா ஜெர்மனிலா கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஓடிப்போய் மின்பெட்டியில் அவருடைய பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே வானொலி நின்றது. அவருடைய கை கதவில் பட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் பிறகு எனக்கு எதிராகப் போனது.

பிளாட்ஸ்வார்ட் வந்து சேர்ந்தபோது நான் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்தவருடைய இணைப்பில் கைவைப்பது முகாம் விதிகளுக்கு முரண் என்றார். உடனே பூட்டச் சொன்னார். மாட்டேன் என்றேன். பொலிசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்கள்," என்றேன்.

"அப்பா, குடுங்கோ அதை. பிளீஸ். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

வாசுகி போய் ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து மின்பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து, "இதிலை இருங்கோ" என்றாள். பிறகு இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து தானும் பக்கத்தில் இருந்தாள். பிளக் என் மடியில். பிளாட்ஸ்வார்ட் தொலைபேசியோடு தன் அலுவலகத்துக்குப் போனார்.

மதுரா அழுகிற நிலையில் நின்றாள். "ஏன் இப்பிடிச் செய்யிறியள்? சொன்னது காணாதோ?"

அப்போதுதான் நான் அவளுக்கு அதைச் சொன்னேன். வாசுகிக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

எனக்கு இருபத்தொரு வயதில், கோண்டாவிலில் ஒரு வெங்காயத் தோட்டத்துக்கு மோட்டர் பார்க்கப் போனேன். மோட்டரின் எர்த் வயரை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அது இருந்தால் அடிக்கடி ட்ரிப் ஆகுதாம், தண்ணி இறைக்க முடியவில்லையாம். "அண்ணை, உதைப் பூட்டாமல் மோட்டர் போடாதையுங்கோ" என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். "பாப்பம் தம்பி, இந்தப் போகம் முடியட்டும்" என்றார். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். திரும்பச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். தேத்தண்ணி தந்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன். தேத்தண்ணி போட்டுத் தந்தவ அவருடைய மனைவி, சரசக்கா. நாலு நாள் கழித்து அவ தண்ணித் தொட்டிக்குள் நின்று கால் கழுவிக்கொண்டு மோட்டர்க் குழாயைப் பிடித்தா.

"நான் சொன்னனான், பிள்ளை," என்றேன். "மரியாதையா, ஒரு தரம் சொன்னனான். செத்த வீட்டில ஒருத்தரும் என்னைக் குறை சொல்லேல்லை. நீ சொன்னனிதானே தம்பி எண்டு தோட்டக்காரரே சொன்னார். அண்டையிலயிருந்து எனக்குத் தெரியும், சொன்னது காணாது."

மதுரா என் மடியிலிருந்த பிளக்கைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பேனையையும் தாளையும் எடுத்துக்கொண்டு அலுவலகப் பக்கம் நடந்தாள். யன்னல் திறந்திருந்தது. அவளுடைய குரல் எங்களுக்குக் கேட்டது. சூரிச் ஜெர்மன், வேகமாக, சிரிப்பில்லாமல்.

"உங்களுக்கு இன்று காலை ஒன்பதரைக்கு ஆபத்து அறிவிக்கப்பட்டது. திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொன்னீர்கள். அதை இந்தத் தாளில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வையுங்கள். நான் பொறுப்புக் கோரிக்கைப் பிரிவில் வேலை செய்கிறேன். நாளைக்கு அந்தப் பெண்மணிக்கு ஏதாவது நடந்தால் முதலில் கேட்கப்படுவது இந்தத் தாள்தான். பொலிசைக் கூப்பிட்டால் நல்லது, அவர்களிடமும் இதையே சொல்கிறேன்."

அவர் கையெழுத்து வைக்கவில்லை. மின்பணியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

7

வந்தவர் ஒரு இளைஞர், அளவெடுக்கும் கருவியோடு. முதலில் வண்டியிலிருந்த எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கம்பியைச் சோதித்தார். ரேப்பைப் பிரித்து இணைப்பைத் திறந்தார். பச்சை மஞ்சள் வயர் திருகாணியிலிருந்து கழன்று, உள்ளே கறுத்துப்போய்க் கிடந்தது. பிறகு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே நிறுத்தினவற்றைத் திரும்பப் போட்டு, ஒரு நிமிடம் மட்டும் இணைப்பைக் கொடுத்து, இரும்புப் படிக்கும் நிலத்துக்கும் நடுவில் அளந்தார். நூற்றெண்பத்தாறு வோல்ட். காலையில் ஃபிராவ் மோசர் சுடுதண்ணீருக்குப் போடுகிற சின்ன பொயிலரின் உள்ளே சூடாக்கும் கம்பி வெடித்திருந்தது. அதிலிருந்துதான் வண்டியின் உடம்புக்கு வந்தது.

"யார் இதைக் கண்டுபிடித்தது?" என்று கேட்டார்.

"நாங்கள் உடனே இணைப்பைக் கழற்றிவிட்டோம்," என்றார் பிளாட்ஸ்வார்ட்.

நாங்கள். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு இலேசாகச் சொன்னார் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"இவர் கழற்றவில்லை," என்றாள் மதுரா. "என் அப்பா கழற்றினார். என் அப்பா எலெக்ட்ரீசியன்."

இளைஞர் என்னிடம் வந்து கை கொடுத்தார். எதை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். நாயை வைத்து என்றேன். அவர் சிரிக்கவில்லை, தலையாட்டினார். மாடுகளும் அப்படித்தான், பண்ணைகளில் முதலில் அவற்றுக்குத்தான் தெரியும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் கால் மணித்தியாலம் பொயிலரைப் பற்றிக் கதைத்தோம். இந்த நாட்டில் ஒரு எலெக்ட்ரீசியன் என்னோடு எலெக்ட்ரீசியனாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கால் மணித்தியாலத்துக்கு முப்பது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சந்தோஷப்படுவதா, சண்டை பிடிப்பதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிராவ் மோசர் எங்கள் மேசைக்கு வந்தார். இரவு முழுக்க நித்திரை இல்லாத முகம். வாசுகி கதிரை கொடுத்தாள். அவர் இருக்கவில்லை.

"என் கணவர் கவனமான மனிதர்தான்," என்றார். "இணைப்பை வருடா வருடம் திறந்து பார்ப்பார். அவர் போன பிறகு நான் திறக்கவில்லை. திறக்க மனம் வரவில்லை."

"விளங்குகிறது," என்றேன்.

"பெல்லா உங்களுக்குப் பயப்படவில்லை."

"இல்லை."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அவர் எங்கள் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை நாங்கள் நகர்த்தின அந்த ஒரு மீற்றரைத் திரும்பவும் தன் பக்கமாக இழுத்தார். வாசுகி மற்றப் பக்கத்தைப் பிடித்துக் கொடுத்தாள்.

8

இரண்டு கிழமையின் பின் முகாம் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. நன்றிக் கடிதம் என்று நினைத்துத் திறந்தேன். எச்சரிக்கை. அனுமதியின்றி மின் வசதியில் தலையிட்டேனாம், ஊழியரின் பணிப்புக்குக் கீழ்ப்படியவில்லையாம், இனி ஒரு தடவை நடந்தால் முகாமுக்குள் விடமாட்டார்களாம்.

மதுரா பதில் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். மூன்று பின்னேரம் எடுத்தது. தொழிற்சாலையில் பொதி கட்டிக்கொண்டே வசனங்களை மனதுக்குள் கட்டினேன். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற ஆண், பெண், அஃறிணைக் குறிச்சொற்கள் எனக்கு எப்போதும் பிசகும், அதனால் எழுதி முடித்து அவளிடம் கொடுத்தேன்.

"டெர், டீ, டஸ் மட்டும் திருத்து. வசனத்தைத் தொடாதை."

அவள் வாசித்தாள். பதினொரு இடத்தில் திருத்தினாள். ஒரு வசனத்தில் பேனை கொஞ்சம் நின்றது. அந்த வசனம் இது: "நீங்கள் எங்கள் கம்பியைச் சோதித்தீர்கள், ஏனென்றால் எங்களை உங்களுக்குத் தெரியாது. ஃபிராவ் மோசரின் கம்பியைச் சோதிக்கவில்லை, ஏனென்றால் அவரை உங்களுக்குத் தெரியும். மின்சாரத்துக்கு ஒருவரையும் தெரியாது."

"இது கொஞ்சம் கடுமை, அப்பா."

"ஓம்."

அவள் பேனையை எடுத்துவிட்டாள். கடைசியில் அன்பான வணக்கங்களுடன் என்று அவள் சேர்த்ததை வெட்டச் சொன்னேன். அது இல்லாமல் இந்த நாட்டில் கடிதமே போகாது என்றாள். அது ஒன்றில் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்.

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. இரண்டு வரி. கடிதம் கிடைத்தது, விஷயம் முடிந்ததாகக் கருதப்படுகிறது. எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றதாகவும் எழுதவில்லை, நன்றி என்றும் எழுதவில்லை. ஆனால் அதோடு வரும் வருடத்துக்கான முகாம் விதிகளின் தாள் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் தடித்த எழுத்தில் புதிதாக ஒரு விதி: எல்லா விருந்தினர்களின் கம்பிகளும், நிரந்தரமாக வருகிறவர்களுடையது உட்பட, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் தகுதி பெற்ற மின்பணியாளரால் சோதிக்கப்படும்.

குசினியில் நின்றபடி அதைச் சத்தமாக வாசித்தேன். வாசுகி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப சந்தோசமோ?"

"இல்லை," என்றேன். "ஆனா ஒருத்தரும் சாகேல்லை."